பொருந்தும், ஆனால் நிற்குமா?

போடிமெட்டிலிருந்து இறங்கும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து முந்தலில் சமதரையைத் தொடுகிறது. விடுமுறை நாட்களில் மூணாறு பார்த்துவிட்டுத் திரும்பும் வேன்கள் அங்கே ஓரங்கட்டுகின்றன. ஏலக்காய் மணக்க வேண்டிய வட்டாரத்தில் மணப்பது வேறொன்று: கருகிய பிரேக் லைனிங். டீ குடிக்க இறங்கும் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். ஓட்டுநர்கள் சக்கரத்தருகே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, சூடு ஆறட்டும் என்று காத்திருக்கிறார்கள். மாஸ்டர் சிலிண்டர் ஒரு வண்டியுடையது, வீல் சிலிண்டர் இன்னொன்றுடையது, பட்டை ஸ்பிரிங் மூன்றாவதுடையது என்று ஒட்டுப்போட்ட பழைய வேனாக இருந்தால், அந்தக் காத்திருப்பு இன்னும் அவசியம்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று அறியப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். மெட்டுக்கும் அடிவாரத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,000 மீட்டர். இரண்டரை டன் வேன் ஒன்று அந்த உயரத்தை இறங்கும்போது விடுவிக்கும் சக்தியைக் கொண்டு சுமார் 75 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்வது போக மிச்சமெல்லாம் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் டிரம்மிலும் டிஸ்க்கிலும் இறங்கியாக வேண்டும். மலைப்பாதையில் பிரேக் என்பது வண்டியை நிறுத்தும் கருவி மட்டுமல்ல. வண்டியில் இருக்கும் அடுப்பும் அதுதான்.

இந்த அடுப்போடு இப்போது வீடுகளும் மலையேறத் தொடங்கியிருக்கின்றன. 2021 செப்டம்பரில் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022-ல் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. கட்டில், குளியலறை, சமையல் மேடையுடன் வரும் புதிய கேரவன் எல்லார் கைக்கும் எட்டுவதில்லை. கையிலிருக்கும் பணத்துக்குப் பழைய டெம்போ டிராவலரோ, எங்கோ ஷெட்டில் கிடக்கும் மேட்டடோரோ வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு வீடாக்கிக்கொள்ளும் ஆசை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரவியிருக்கிறது. ஆசை தப்பில்லை. ஆனால் பழைய வண்டி என்றால் பழைய பாகங்கள். பழைய பாகங்கள் என்றால் மாற்று ஏற்பாடு.

மாற்று ஏற்பாடு இந்த நாட்டுப் பட்டறைகளுக்குப் புதிதல்ல. மேட்டடோர் உற்பத்தி 2000-த்தோடு நின்றுபோனது. உற்பத்தி நின்ற வண்டியின் பாகம் ஷோரூமில் கிடைக்காது. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேட வேண்டும். அங்கும் இல்லையென்றால் வேறு வண்டியின் பாகத்தை எடுத்து லேத்தில் கடைந்து உட்கார வைக்க வேண்டும். எஸ்டேட் ஜீப்புகள் பல பதிற்றாண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பது இந்தக் கைவேலையால்தான். ஜீப் மட்டுமே ஏறக்கூடிய சூரியநெல்லி - கொழுக்குமலைப் பாதையைப் பார்த்தவர்கள் இதை ஏளனம் செய்ய மாட்டார்கள். எனவே பாகத்தை மாற்றலாமா கூடாதா என்பது கேள்வியே அல்ல. எதை எதோடு சேர்த்து மாற்றுவது என்பதுதான் கேள்வி.

குழப்பம் வண்டிகளின் வம்சாவளியிலேயே தொடங்குகிறது. மேட்டடோரும் டிராவலரும் பஜாஜ் டெம்போ என்ற ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள். 2005-ல் அதன் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது. 1969-ல் வந்த மேட்டடோரின் பூர்வீகம் ஜெர்மனியின் ஹானோமாக் வேன். அது முன்சக்கர இயக்கம். 1987-ல் வந்த டிராவலரின் பூர்வீகம் மெர்சிடீஸ் பென்ஸின் டி-1 வேன். அது பின்சக்கர இயக்கம். பெயர்ப் பலகை ஒன்று என்பதால் ஒன்றின் பின் ஆக்ஸிலை மற்றதில் தேடுவது, சித்தப்பா வீட்டுச் சாவியால் நம் வீட்டைத் திறக்கப் பார்ப்பது போல.

அதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. டி-1 உற்பத்தி ஐரோப்பாவில் 1995-ல் நின்றது. அங்கே இன்று அது பழைய கேம்பர் வேன் பிரியர்களின் செல்லம். அதன் இந்திய வாரிசு மட்டும் பள்ளிப் பிள்ளைகளையும் சபரிமலைப் பக்தர்களையும் சுமந்தபடி தொடர்ந்து வளர்ந்தது. அப்படி வளர்ந்ததுதான் சிக்கல். ஒரே தோற்றமுள்ள இரண்டு வண்டிகள் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு எடைக்காக, வெவ்வேறு பிரேக்குகளோடு வெளிவந்திருக்கும். பெயரைச் சொல்லிப் பாகம் கேட்பவர் ஆண்டையும் மாடலையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுவிட்ட சகோதரனின் உறுப்புதான்.

மாட்டினால் பொருந்துகிறதே, என்ன தப்பு? வீல் சிலிண்டரை எடுத்துக்கொள்ளலாம். பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம் குழாய் வழியே எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே அளவில் போகிறது. அங்கே அது எவ்வளவு பலமாக ஷூவைத் தள்ளும் என்பதை வீல் சிலிண்டரின் குறுக்களவு தீர்மானிக்கிறது. முக்கால் அங்குலச் சிலிண்டருக்குப் பதில் 7/8 அங்குலச் சிலிண்டர் மாட்டினால் பார்வைக்கு வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான். பரப்பளவிலோ அது 36 சதவீதம் அதிகம். தள்ளும் பலமும் அதே 36 சதவீதம் கூடுகிறது.

பலம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். பின்சக்கரத்தில் கூடினால் நல்லதல்ல. வண்டி பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. இறக்கத்தில் சரிவும் கொஞ்சம் பாரத்தை முன்னால் தள்ளிவிடுகிறது. லேசாகிப்போன பின்சக்கரத்துக்கு அதிகப் பலம் கொடுத்தால் அது சுழல்வதை நிறுத்திச் சறுக்கும். முன்சக்கரம் சறுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். பின்சக்கரம் சறுக்கினால் வண்டி வாலைச் சுழற்றிக் குறுக்கே திரும்பும். மழைக்காலத்து இடுக்கிச் சாலையில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் இடத்தில், அந்த 3 மில்லிமீட்டரின் அர்த்தம் அதுதான்.

டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் மாட்டுவது இன்னொரு மோகம். ஃபோக்ஸ்வேகனின் புகழ்பெற்ற கோம்பி வேன்களில் 1970 ஆகஸ்டுக்குப் பிறகு வந்தவற்றுக்கு முன்சக்கர டிஸ்க் உண்டு. அதற்கு முந்தைய வேன் வைத்திருக்கும் வெளிநாட்டுப் பிரியர்கள் பிந்தைய வண்டியின் டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவது வழக்கம். விவரம் தெரிந்தவர்கள் டிஸ்க்கை மட்டும் எடுப்பதில்லை. மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். காரணம் இருக்கிறது. டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், பெடலை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும் சின்ன வால்வு ஒன்று இருக்கும். டிரம்முக்கு அது உதவி. டிஸ்க்குக்கு அது வினை: பேட் முழுவதும் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். சமதரையில் மைலேஜ் குறைவதாகத் தெரியும். மலையில் புகையாகத் தெரியும்.

குழாய் இணைப்பில் இன்னொரு பொறி. ஜெர்மன் வம்ச வேன்களில் பிரேக் குழாய் நட்டுகள் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் மரை கொண்டவை. அமெரிக்க வம்ச ஜீப்புகளில் 3/8 அங்குல மரை, அதாவது 9.5 மில்லிமீட்டர். மரை இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றே. அங்குல நட்டு மில்லிமீட்டர் துளைக்குள் கையாலேயே ஏறிவிடும். ஸ்பேனர் வைத்தால் இறுகவும் செய்யும். குழாயின் விரிந்த வாய் மட்டும் இரண்டிலும் வெவ்வேறு வடிவம். பட்டறை வாசலில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாத இணைப்பு, ஓட்டுநர் முழு பலத்தோடு மிதிக்கும் நாளில் கைவிடலாம். பழைய வில்லிஸ் பாணி ஜீப் என்றால் நான்கு சக்கரங்களுக்கும் ஒற்றைச் சுற்றுதான். ஓரிடத்தில் ஒழுகினால் எல்லாமே போகும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்றுள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவது, கணக்குப் பார்த்துச் செய்தால், உண்மையிலேயே உயிர்காக்கும் மாற்றம். எல்லா மாற்றமும் ஆபத்தல்ல என்பதற்கு அது நல்ல உதாரணம்.

பிரேக்கோடு சம்பந்தமே இல்லை என்று நினைக்கும் பாகங்களும் பிரேக்கைக் கெடுக்கும். டீசல் வேனில் பெடலை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் எஞ்சினைப் போல டீசல் எஞ்சின் அதைத் தானாகத் தருவதில்லை. பல வேன்களில் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் சின்ன பம்ப்தான் அதைத் தயாரிக்கிறது. பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று, பம்ப் இல்லாத வேறு ஆல்டர்னேட்டரை மாட்டினால் விளக்கு எரியும், பெடல் கல்லாகிவிடும். டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் இறங்கும் பழக்கத்தின் விபரீதமும் இதுவே. பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் சில மிதிகளுக்குத்தான் வரும். எஞ்சினின் தடுப்பும் கிடைக்காது.

சஸ்பென்ஷன் கதை இன்னும் நுட்பமானது. வீடாக மாறிய வேனின் எடையை யாரும் எழுதிவைப்பதில்லை. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் 30 கிலோவை நெருங்கும். கட்டில், அலமாரி, பேட்டரிகள், கூரைமேல் சோலார் பலகை என்று சேர்த்துக்கொண்டே போனால் பின்பக்கம் தொங்குகிறது. உடனே வேறு வண்டியின் பட்டை இரண்டைக் கூடுதலாகச் செருகி வண்டியைத் தூக்கி நிறுத்துகிறார்கள். பல வேன்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கிறது. உடல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து, வண்டியில் பாரம் உண்டா இல்லையா என்று அது முடிவு செய்யும். பாரம் இல்லையென்றால் பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஸ்பிரிங்கை உயர்த்தியதும், முழுப் பாரத்தோடு நிற்கும் வண்டியைக் காலி வண்டி என்று அது நம்புகிறது. பின்பிரேக் பாதி வேலைநிறுத்தம். சுமையெல்லாம் முன்பிரேக்கின் தலையில். முந்தலில் கருகும் வாசத்துக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

பெரிய டயர் போடுபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சக்கரத்தின் ஆரம் 10 சதவீதம் கூடினால், அதே பிரேக் சாலையில் காட்டும் பிடி ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். கம்பீரத்துக்கும் விலை உண்டு.

இவ்வளவு தப்புகளும் ஏன் முன்கூட்டியே வெளிப்படுவதில்லை? பூகோளமும் ஒரு காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஓர் அகலமான இடைவெளி. கோவையில் பாகம் மாற்றிக்கொண்டு வாளையாறு வழியாகக் கேரளத்துக்குள் நுழையும் வண்டிக்கு மலையைத் தாண்டியதே தெரியாது. பாலக்காடு வரை பிரேக் அருமையாகப் பிடிக்கும். நெம்மாறையைத் தாண்டி, போத்துண்டி அணைக்கு மேலே நெல்லியாம்பதிச் சாலையில் ஏறி இறங்கும்போதுதான் உண்மையான பரீட்சை. உடுமலை - மறையூர் பாதையும், கம்பம்மெட்டும், குமுளியும் அதே வினாத்தாளைத்தான் கொடுக்கின்றன. ஒரு தடவை மிதித்தால் நிற்பதும், அரைமணி நேரம் மிதித்துக்கொண்டே இறங்கிய பிறகு நிற்பதும் ஒன்றல்ல.

பாகம் எதுவும் மாற்றாத வண்டிக்கே மலை கருணை காட்டுவதில்லை. 2025 ஜனவரியில் இடுக்கி மாவட்டம் புல்லுப்பாறையில், தஞ்சாவூர் சுற்றுலா முடித்து மாவேலிக்கரைக்குத் திரும்பிய கேரள அரசுப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து 4 பேர் இறந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றே முதல் தகவல் வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. சி.என்.ஜி. கிட் பொருத்துவதற்கும், மாற்றுத் திறனாளிகளுக்காக வண்டியை மாற்றுவதற்கும் சட்டத்தில் வழி உண்டு. மோட்டார் கேரவனுக்கெனத் தனித் தரவிதிகளும் இருக்கின்றன. ஆனால் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு இன்னொரு வண்டியின் பிரேக்கைப் பொருத்திய பட்டறைக்காரர், தன் வேலை சரியா என்று எளிதாகச் சோதித்துப் பதிவு செய்துகொள்ள நடைமுறையில் வாசல் இல்லை. விளைவு: அவர் அதை வெளியே சொல்வதில்லை.

கண்காணிப்பும் கண்ணுக்குத் தெரிவதில்தான் நிற்கிறது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் வீடியோ பதிவர்களான இரு சகோதரர்களின் கேம்பர் வேனை மோட்டார் வாகனத் துறை கைப்பற்றியபோது கேரளம் முழுவதும் அதே பேச்சாக இருந்தது. விவாதம் பெரும்பாலும் வண்ணத்தையும் விளக்குகளையும் சுற்றியே நடந்தது. விதிமீறல் விதிமீறல்தான். ஆனால் ஸ்டிக்கர் தெரிகிறது, வீல் சிலிண்டர் தெரிவதில்லை. எதிரே வரும் வண்டியைக் கொல்லக்கூடியது இரண்டாவது.

ஜெர்மனியில் வேறு ஏற்பாடு. அங்கே வண்டியை மாற்றலாம்; ஆனால் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் அதைச் சோதித்து, வண்டியின் பத்திரத்தில் இன்ன மாற்றம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாத மாற்றத்தோடு ஓட்டினால் அனுமதியே போய்விடும். தடையைவிட இது கடுமையான ஏற்பாடு என்றும் சொல்லலாம். மாற்றியவர் மறைக்கத் தேவையில்லை, ஆனால் நிரூபித்தாக வேண்டும். பிரேசிலில் நடந்தது இன்னொரு பாடம். அங்கே 2013 வரை தயாரான கோம்பி வேன், புதிய வண்டிகளுக்கு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயமானதும் விடைபெற்றது. பாசத்துக்கு அரசு சலுகை காட்டவில்லை.

இந்தியாவில் தகுதிச் சான்றுக்கான தானியங்கிச் சோதனை நிலையங்கள் படிப்படியாக வந்துகொண்டிருக்கின்றன. உருளைகள்மீது வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பலத்தோடு பிடிக்கிறது என்று அளக்கும் கருவி அங்கே இருக்கிறது. இடது வலது வித்தியாசம், முன் பின் பங்கு எல்லாம் எண்ணாக வந்துவிடும். அந்தக் கருவிக்குப் பாகத்தின் பெயரோ வம்சமோ தெரியாது. பிடியை மட்டுமே தெரியும். பாகம் மாற்றிய பழைய வேன்கள், முழுப் பாரத்தோடு வந்து அந்தச் சோதனையில் தேறினால் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு வழி திறந்தால், பட்டறைகளின் ரகசியம் பாதி வெளிச்சத்துக்கு வரும். தேறாதவை மலையேறாது.

அதுவரை பொறுப்பு வண்டிக்காரரிடமும் மெக்கானிக்கிடமும்தான். நல்ல பட்டறைகள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு சிக்கலானதல்ல. பழைய பாகத்தைத் தூக்கி எறியுமுன் குறுக்களவை வெர்னியரால் அளந்து எழுதிவைப்பது. ஒரே ஆக்ஸிலின் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுவது. டிஸ்க்கை மாற்றினால் மாஸ்டர் சிலிண்டரையும் பூஸ்டரையும் அதே வண்டியிலிருந்து எடுப்பது. ஸ்பிரிங்கைத் தொட்டால் பாரம் பார்க்கும் வால்வையும் சரிசெய்வது. ரப்பர் சீல்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவாமல் இருப்பது. கழுவினால் அவை ஊதிப்போகும். கடைசியாக, வீட்டுச் சாமான்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு எடைமேடையில் ஒரு தடவை நிற்பது.

பிரேக் ஆயிலையும் மறக்கக் கூடாது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரி. கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அழுத்தினால் அது சுருங்குமே தவிரத் தள்ளாது. பெடல் தரையைத் தொடும். பிரேக் அவ்வளவு சூடேறாமல் இருக்க, ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய ஓட்டுநர்களின் பாடம் இன்றும் செல்லும். அதற்கு எந்த வண்டியின் பாகமும் தேவையில்லை.